பழுதுக் கணக்கும் கணக்கில் வராத பழுதும்

1907ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் வெள்ளி நிறக் கார் ஒன்று லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதற்கு ஓய்வு. மற்ற நாட்களில் சாரதிகள் மாறினார்கள், கார் மாறவில்லை. அதன் உடலுக்கு அலுமினிய வண்ணம் பூசப்பட்டிருந்தது. விளக்குகளுக்கும் ஏனைய உலோகப் பாகங்களுக்கும் வெள்ளிமுலாம் இடப்பட்டிருந்தது. இலக்கத் தகடு ஏஎக்ஸ் 201. றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம் தனது '40/50 குதிரைவலு' வகையில் தயாரித்த பன்னிரண்டாவது கார் அது. அதற்கு நிறுவனம் சூட்டிய பெயர் 'சில்வர் கோஸ்ற்', அதாவது வெள்ளி ஆவி. சத்தமின்றி ஓடும் என்பதைச் சொல்ல வைத்த பெயர். பின்னர் அந்த ஒரு காரின் பெயரே அவ்வகைக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

காருக்குள் சாரதியைத் தவிர இன்னொருவரும் இருந்தார். அவர் றோயல் ஓட்டோமொபைல் கிளப் அனுப்பிய அவதானிப்பாளர். அவரது வேலை கார் ஓட்டுவதோ திருத்துவதோ அல்ல. எழுதுவது. கார் எங்கே நின்றது, ஏன் நின்றது, எந்தப் பாகம் தொடப்பட்டது, எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது என்பனவெல்லாம் அவரது குறிப்பேட்டில் ஏறவேண்டும். அந்தக் குறிப்பேட்டின் முடிவுதான் றோல்ஸ் றொய்ஸ் என்ற பெயரைக் 'குறையற்றது' என்ற சொல்லுக்கு இணையாக்கியது. ஆங்கிலத்தில் இன்றும் எந்தப் பொருளையாவது அதன் வகையில் தலைசிறந்தது என்று சொல்லவேண்டுமானால் இந்தப் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

நாம் இங்கு பார்க்க விரும்புவது அந்தக் குறிப்பேட்டை. அதில் எது பழுது என்று எழுதப்பட்டது? எது பழுதென்று எண்ணப்படாமல் விடப்பட்டது? அதை யார் தீர்மானித்தார்கள்? ஒரு பழைய ஆடம்பரக் காரின் வரலாற்றில் எமக்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தக் காரின் சில்லுகளைப் பின்தொடர்ந்து போனால் நாம் எமக்கு மிகவும் தெரிந்த ஓர் இடத்துக்கே வந்து சேர்கிறோம் என்பதைப் பின்னர் காட்டுவோம்.

* * *

முதலில் பழுது கண்டுபிடித்த மனிதரிலிருந்து தொடங்குவது முறை. ஹென்றி றொய்ஸ் 1863இல் பீற்றர்பரோவுக்கு அருகிலுள்ள அல்வோல்ற்றன் என்ற கிராமத்தில் மாவாலை நடத்திய ஒருவரின் பிள்ளையாகப் பிறந்தார். தகப்பனின் தொழில் முறிந்தது. தகப்பனும் சிறுவயதிலேயே இறந்துபோனார். றொய்ஸ் பத்திரிகை விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பணம் கட்டியதால் பீற்றர்பரோ ரெயில்வே வேலைத்தளத்தில் தொழில் பழகுநராகச் சேர முடிந்தது. அந்தப் பணம் தீர்ந்தபோது பயிற்சியும் இடைநடுவில் நின்றது. முடிக்கப்படாத படிப்போடு வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். 1884இல் மன்செஸ்ரரின் குக் வீதியில் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சிறு மின்கருவிப் பட்டறை ஒன்றைத் திறந்தார். மின்மணிகள், டைனமோக்கள், பாரந்தூக்கிகள் என்று அது வளர்ந்தது.

1903 அளவில் அவர் பாவித்த கார் ஒன்றை வாங்கினார். பிரான்சில் செய்யப்பட்ட டெக்கோவில் என்ற கார். அது ஓடவே ஓடாத மோசமான கார் என்றும், கோபத்தில் அவர் தானே கார் செய்யத் தொடங்கினார் என்றும் பிற்காலத்தில் ஒரு கதை உலவியது. கதைக்கு அது அழகாக இருக்கிறது. ஆனால் அக்காலத் தரத்தில் டெக்கோவில் நல்ல கார்தான். நல்லது என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்றை றொய்ஸ் கழற்றி வைத்து, அதன் சத்தத்தையும் அதிர்வையும் பற்றவைப்பில் உள்ள தளர்வையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். மோசமானதில் குறை காண்பது பெரிய காரியமல்ல. எல்லோரும் போதும் என்று சொல்லும் ஒன்றில் குறை காண்பதற்கு வேறு கண் வேண்டும். 1904 ஏப்ரல் 1ஆம் திகதி அவரது முதலாவது கார் பட்டறையிலிருந்து வெளியே ஓடியது. அதில் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்ல அதிகமில்லை. இருந்தவற்றைக் குறைநீக்கிச் செய்திருந்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம், மே 4ஆம் திகதி, மன்செஸ்ரர் மிட்லண்ட் ஹோட்டலில் அவரைச் சந்திக்க வந்தவர் சார்ள்ஸ் றோல்ஸ். பிரபு ஒருவரின் மகன், கேம்பிறிட்ஜில் படித்தவர், லண்டனில் பணக்காரர்களுக்குக் கார் விற்பவர். ஒருவர் செய்ய, மற்றவர் விற்பது என்று ஏற்பாடாயிற்று. றோல்ஸின் பெயர் முன்னாலும் றொய்ஸின் பெயர் பின்னாலும் வந்தது தற்செயலல்ல என்றே நாம் நினைக்கிறோம். 1910 ஜூலையில் போண்மத்தில் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தின் வால் முறிந்து றோல்ஸ் இறந்தார். பெயரின் வரிசை மாறவில்லை.

இவர்கள் இருவரையும்விட எமது கதைக்கு முக்கியமானவர் மூன்றாமவர். குளோட் ஜோன்சன். றோல்ஸின் வியாபாரப் பங்காளி. அதற்கு முன்னர் அவர் ஓட்டோமொபைல் கிளப்பின் முதலாவது செயலாளராக இருந்தவர். 1900ஆம் ஆண்டில் அந்த அமைப்பு நடத்திய ஆயிரம் மைல் பரீட்சை ஓட்டத்தை ஒழுங்குசெய்தவரும் அவரே. அதாவது, பரீட்சைத் தாளைத் திருத்தும் பக்கத்திலிருந்து பரீட்சை எழுதும் பக்கத்துக்கு வந்தவர். அவதானிப்பாளரின் குறிப்பேட்டில் என்னென்ன கட்டங்கள் இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

* * *

1905, 1906ஆம் ஆண்டுகளில் நிறுவனம் செய்த 30 குதிரைவலுக் கார்களில் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் நீண்ட சுழல்தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முறுகி அதிரத் தொடங்கும். அதிர்வு கூடி, தண்டு முறிந்தும் போகும். இது றொய்ஸ் ஒருவரின் பிரச்சினை மட்டுமல்ல. அக்காலத்தில் ஆறு சிலிண்டரில் கைவைத்த எல்லோருக்கும் வந்த பிரச்சினை. அந்த முறிவுகளிலிருந்துதான் 40/50 பிறந்தது. சுழல்தண்டு தடிப்பாக்கப்பட்டது, ஏழு தாங்கிகளில் இருத்தப்பட்டது, எண்ணெய் அமுக்கத்தோடு செலுத்தப்பட்டது. சிலிண்டர்கள் மும்மூன்றாக இரு தொகுதிகளாக வார்க்கப்பட்டன. எஞ்சினின் கொள்ளளவு 7 லீற்றருக்குச் சற்றுக் கூட. வலு ஏறக்குறைய 48 குதிரை. உடல் இல்லாத வெறும் சட்டகத்தின் விலை மட்டும் 985 பவுண். தேர்ந்த தொழிலாளி ஒருவரின் கிழமைச் சம்பளம் இரண்டு பவுணைச் சுற்றியே இருந்த காலம் அது.

இவ்வளவு விலை கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஜோன்சன் போட்ட திட்டம் துணிச்சலானது. தமது காரைத் தமது ஆட்களே புகழ்வதால் பயனில்லை, ஆகவே வெளியாள் ஒருவரைக் காருக்குள் உட்காரவைத்துப் பழுதுகளை எழுதச் சொல்லவேண்டும். 1907 மே மாதத்தில் 2,000 மைல் ஓட்டம் ஒன்று முதலில் நடந்தது. ஜூனில் ஸ்கொட்லாந்து நம்பகத்தன்மைப் பரீட்சையோடு 15,000 மைல் நோக்கிய ஓட்டம் தொடங்கியது. ஜோன்சனும் றோல்ஸும் மாறிமாறி ஓட்டினார்கள். அவர்களோடு எரிக் பிளாட்ஃபோர்ட் என்ற நிறுவனச் சோதனையாளரும் ஓட்டினார். முதல் இருவரின் பெயரும் எல்லா நூல்களிலும் உண்டு. மூன்றாவது பெயரைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

629ஆவது மைலில் கார் நின்றது. காரணம் மிகச் சிறியது. வீதியின் குலுக்கலில் பெற்றோல் குழாயின் திருகு தானாகவே திரும்பி மூடிக்கொண்டது. திருகைத் திறந்துவிட ஒரு நிமிடமும் போதும். ஆனாலும் சாரதி விரும்பாமல் நின்ற நிறுத்தம் என்பதால் அவதானிப்பாளர் அதை எழுதினார். எழுதாமல் விடும்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குறிப்பேட்டுக்கே மதிப்பில்லாமல் போயிருக்கும். நிறுவனமும் அதை மறைக்கவில்லை. தன் விளம்பரத்திலேயே சொல்லிக்கொண்டது.

அதற்குப் பிறகு 14,371 மைல்களுக்கு விரும்பாத நிறுத்தம் ஒன்றுமில்லை. அதற்கு முந்திய சாதனை 7,089 மைல். அதைவிட இரண்டு மடங்கு. ஓட்டம் முடிந்ததும் கிளப்பின் பொறியியலாளர்கள் காரை முற்றாகக் கழற்றி அளந்தார்கள். எஞ்சினிலும் பல்சக்கரங்களிலும் அளந்து சொல்லக்கூடிய தேய்வு இல்லை. திசைதிருப்பும் தண்டின் உருண்டை முனை, விசிறிப் பட்டி போன்ற சில சிறு பாகங்களை மாற்றலாம் என்றார்கள். காரை மீண்டும் புதிதுபோலாக்கத் தேவையான பாகங்களுக்கு அவர்கள் போட்ட கணக்கு 2 பவுண் 2 சில்லிங் 7 பென்ஸ். ஒரு தொழிலாளியின் ஒரு கிழமைச் சம்பளம் அளவு. இந்தத் தொகை அன்றைய பத்திரிகைகளில் அடிபட்டது, இன்றுவரை எழுதப்படுகிறது.

* * *

இனி எழுதப்படாதவற்றுக்கு வருவோம்.

அந்த ஓட்டத்தில் கார் பல தடவை நின்றது. ரயர் வெடித்து நின்றது. காற்றுப் போய் நின்றது. அக்கால வீதிகளில் குதிரை லாடங்களிலிருந்து விழுந்த ஆணிகள் நிறைந்திருந்தன. ரயர்களின் உள்ளே இருந்த நெய்துணி தானே உரசித் தானே தேய்ந்தது. சில ஆயிரம் மைல் ஓடினாலே பெரிய விசயம். ஆனால் பரீட்சை விதியின்படி ரயரால் ஏற்படும் நிறுத்தம் 'விரும்பாத நிறுத்தம்' என்ற கணக்கில் வராது. அது காரின் பழுதல்ல, ரயரின் பழுது. ரயர் வேறு யாரோ செய்த பொருள். ஆகவே நிறுத்தமில்லாத 14,371 மைல் என்பது ரயருக்காக நின்ற நேரங்களைக் கழித்துச் சொல்லப்பட்ட 14,371 மைல். அதேபோல 2 பவுண் சொச்சம் என்ற தொகையிலும் ரயர் இல்லை. அந்த ஓட்டத்தின் செலவில் ரயருக்குப் போனது பாகங்களுக்குப் போனதைவிடப் பல மடங்கு.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விதி எல்லோருக்கும் தெரிந்த விதி. மற்ற நிறுவனங்களின் கார்களுக்கும் அதே விதிதான். குறிப்பேடு நேர்மையானது. அதன் கட்டங்கள்தான் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டன.

எமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நாம் வேலைசெய்யும் சமையலறைகளுக்கும் சுகாதாரப் பரிசோதகர்கள் வருகிறார்கள். நேர்மையானவர்கள். குளிரூட்டியின் வெப்பநிலையை அளக்கிறார்கள், இறைச்சியில் திகதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நிலத்து ஓடுகளின் இடுக்கில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். எல்லாம் சரியென்றால் ஒப்பமிட்டுவிட்டுப் போகிறார்கள். பாத்திரம் கழுவுபவன் எத்தனை மணித்தியாலமாக நிற்கிறான் என்று எழுத அவர்களது படிவத்தில் கட்டம் இல்லை. அது வேறொரு திணைக்களத்தின் படிவம். அந்தத் திணைக்களம் இரவு பதினொரு மணிக்கு வருவதில்லை.

* * *

குறிப்பேட்டின் கட்டங்களை மாற்ற ஒரே வழி வேறு வீதிக்குப் போவதுதான். சில்வர் கோஸ்றுக்கும் அதுவே நடந்தது.

முதலாவது 40/50 கார்களில் நான்கு கியர்கள் இருந்தன. 1909இல் அவற்றை மூன்றாகக் குறைத்தார்கள். அக்காலத்தில் கியர் மாற்றுவது சத்தமும் சிரமமும் பிடித்த வேலை. காசுகொடுத்துக் கார் வாங்குபவருக்கு அந்தச் சத்தமே கேட்கக்கூடாது. கியரே மாற்றாமல் ஓடுவதுதான் ஆடம்பரம் என்றாகியிருந்தது. 1911இல் போட்டி நிறுவனமான நேப்பியர் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு உச்சக் கியரில் மட்டுமே ஓடிக் காட்டியது. பதிலுக்கு றோல்ஸ் றொய்ஸும் அதையே செய்தது. ஓட்டியவர் ஏர்ணஸ்ற் ஹைவ்ஸ் என்ற இளம் சோதனையாளர். லண்டன் - எடின்பரோ - லண்டன் முழுவதும் உச்சக் கியரில். ஒரு கலன் பெற்றோலுக்கு 24.32 மைல். பின்னர் அதே காரை புறூக்லண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் மணிக்கு 78.26 மைல் வேகத்தில் ஓட்டினார்கள். கியர்கள் தேவையே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. அவதானிப்பாளர் அதற்கும் சாட்சி.

அடுத்த ஆண்டு, 1912இல், ஜேம்ஸ் ராட்லி என்ற தனியார் தனது சில்வர் கோஸ்றை ஒஸ்ரியாவில் நடந்த அல்ப்ஸ் மலைப் பரீட்சை ஓட்டத்துக்குக் கொண்டுபோனார். சால்ஸ்பேர்க்குக்கும் கறிந்தியாவுக்கும் இடையே கற்ஸ்பேர்க் என்றொரு கணவாய் உண்டு. மிகச் செங்குத்தானது. அங்கே உலகின் மிகச் சிறந்த கார் ஏற்றத்தில் நின்றுவிட்டது. மூன்று கியர்களில் மிகக் கீழானதுகூட அந்த ஏற்றத்துக்கு உயர்ந்ததாக இருந்தது. காரில் இருந்தவர்களை இறக்கிவிட்டே மேலே போக முடிந்தது.

லண்டன் - கிளாஸ்கோ வீதி 14,371 மைல்களில் சொல்லாததைக் கற்ஸ்பேர்க் சில நூறு யாரில் சொல்லிவிட்டது. கார் அதே வகைக் கார்தான். பழுதும் 1909இலிருந்தே அதற்குள் இருந்ததுதான். கேள்வி கேட்கும் வீதி மாத்திரம் மாறியிருந்தது.

இந்த இடத்தில் நிறுவனம் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டவேண்டும். ராட்லியைக் குறைசொல்லவில்லை, மலையைக் குறைசொல்லவில்லை. காரைத் திரும்ப எடுத்தது. டேர்பியில் புதிய நான்கு கியர்ப் பெட்டி செய்யப்பட்டது. நீர் கொதிக்காமலிருக்கப் பெரிய ரேடியேற்றர் பொருத்தப்பட்டது. 1913இல் நிறுவனம் தனது சொந்த அணியோடு அதே மலைகளுக்குத் திரும்பிப் போனது. ஹைவ்ஸும் அந்த அணியில் ஒருவர். கற்ஸ்பேர்க்கைச் சிரமமின்றி ஏறினார்கள், பரிசுகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான்கு கியர்கள் பின்னர் விற்பனைக் கார்களுக்கும் வந்தன. 1914 ஜூனில் ராட்லி மீண்டும் அல்ப்ஸுக்குப் போய்ப் புள்ளி எதையும் இழக்காமல் ஓடி முடித்தார். அதே மாதம் 28ஆம் திகதி சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. அதற்குப் பிறகு அதே சட்டகத்தின்மேல் இரும்புக் கவசமும் இயந்திரத் துப்பாக்கியும் ஏறின. லோறன்ஸ் அரேபியப் பாலைவனத்தில் ஓட்டியவை அந்தக் கவச வாகனங்கள்தான்.

கற்ஸ்பேர்க்கும் காட்டாத பழுது ஒன்று இருந்தது. சில்வர் கோஸ்றின் பிறேக்குகள் பின்சில்லுகளில் மட்டுமே வேலைசெய்தன. இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட கார் மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் ஓடி, பின்சில்லுகளால் மட்டும் நிற்கவேண்டும். வீதிகள் வெறுமையாக இருந்தவரை இதை யாரும் பழுதென்று எழுதவில்லை. 1919 பரிஸ் கண்காட்சியில் ஹிஸ்பானோ சுய்சா நிறுவனம் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் போட்டுக் காட்டியது. சில்வர் கோஸ்றுக்கு அது வந்தபோது ஆண்டு 1924. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அதன் தயாரிப்பே நின்றுவிட்டது.

போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பழுது தேடுவதே தனியொரு தொழிலாக நிறுவனத்துக்குள் வளர்ந்தது. டேர்பியில் காரை நிறுத்திவைத்தே குலுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. மேடு வைத்த உருளைகள் சில்லுகளுக்குக் கீழே சுழல, எந்தப் பாகம் முதலில் முறிகிறது என்று பார்ப்பார்கள். பிரான்சின் நடுப்பகுதியில் சாத்தொரூ என்ற ஊரில் சோதனை நிலையம் ஒன்று அமைத்தார்கள். விற்பனைக்கு வராத கார்களை அங்கிருந்து பத்தாயிரம் மைல் கணக்கில் மோசமான வீதிகளில் ஓட்டி, கழற்றி, தேய்வை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஹைவ்ஸ் படிப்படியாக உயர்ந்து நிறுவனத்தின் தலைமைக்கே வந்தார், 1950இல் பிரபுவாக்கப்பட்டார். ஆனால் அந்தக் கார்களை மழையிலும் குளிரிலும் ஓட்டிய மற்றவர்களும், கைகளால் கழற்றிப் பூட்டியவர்களும் அறிக்கைகளில் பெயர் சுருக்கங்களாக மட்டும் எஞ்சியவர்கள்.

* * *

இப்போது அந்தச் சில்லுகளுக்கு வருவோம். பரீட்சை விதி காருக்கு வெளியே தள்ளிவைத்த ரயர்களுக்கு.

1907இல் ஐரோப்பாவுக்கு வந்த றப்பரில் மிகப் பெரும்பகுதி காட்டு றப்பர். பிரேசில் அமேசனிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்தது. பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் கொங்கோவில் றப்பர் கொண்டுவராத கிராமங்களுக்கு நடந்த கொடுமைகளை றோஜர் கேஸ்மென்ற் 1904இலேயே அறிக்கையாக எழுதியிருந்தார். வெட்டப்பட்ட கைகளின் புகைப்படங்கள் லண்டன் கூட்டங்களில் காட்டப்பட்டன. வெள்ளிக் கார் கிளாஸ்கோவுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் கொங்கோ இன்னும் மன்னனின் தனிச்சொத்து. அடுத்த ஆண்டுதான் அது பெல்ஜிய அரசிடம் போனது.

சில்வர் கோஸ்ற் விற்பனையிலிருந்த ஆண்டுகளிலேயே றப்பர் வந்த இடமும் மாறியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்ட மரங்கள் அவை. பின்னர் சிங்கப்பூர், மலாயா. 1913, 1914 அளவில் தோட்ட றப்பர் காட்டு றப்பரை அளவில் முந்திவிட்டது. காடு வெட்டியவர்களும் பால் வெட்டியவர்களும் யார் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகளின் பின்னால் கப்பலேறிய தமிழர்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938வரை நீடித்தது. புதிதாக வெட்டிய தோட்டங்களில் மலேரியாவால் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள்.

அங்கேயும் ஒரு குறிப்பேடு இருந்தது. அதன் பெயர் செக்றோல். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு எழுதப்படும். வந்தவருக்கு ஒரு பேர். வேலை குறைந்தால் அரைப்பேர். சுகமில்லை என்று லயத்தில் படுத்தவருக்கு ஒன்றுமில்லை. மரத்தில் பட்டை ஆழமாக வெட்டுப்பட்டால் அது பழுது, எழுதப்படும், சம்பளத்தில் பிடிக்கப்படும். வெட்டியவரின் உடம்பில் விழுந்த பழுதுக்குக் கட்டம் இல்லை.

இன்னுமொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மலாயாவில் அந்தக் குறிப்பேடுகளை எழுதிய கைகளில் யாழ்ப்பாணத்துக் கைகளும் இருந்தன. மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவின் ரெயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் தோட்டங்களின் கிராணி வேலைக்கும் போனார்கள். யாழ்ப்பாணக் கிராமங்களில் 'மலாயன் பென்சனியர்' வீடு என்று காட்டப்பட்ட கல்வீடுகள் எத்தனை! சுண்ணாம்புச் சுவரும் நாற்சாரமும் வைத்த அந்த வீடுகளுக்கு வந்த காசின் வரலாற்றைப் பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிராணி யாருடைய பெயரை எழுதினார், யாருக்கு அரைப்பேர் போட்டார் என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு. இலங்கையில் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரைப் பிரஜைகள் என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. தேயிலையையும் றப்பரையும் நாட்டின் வருமானமாக எண்ணிய அதே அரசுதான் அவற்றைப் பறித்தவர்களையும் வெட்டியவர்களையும் எண்ணாமல் விட்டது.

* * *

றொய்ஸ் 1933இல் இறந்தார். சில்வர் கோஸ்ற் வகைக் கார்கள் இங்கிலாந்தில் 6,173உம் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் 1,701உம் செய்யப்பட்டன. ஏஎக்ஸ் 201 இன்னும் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது. உலகின் மிக விலைமதிப்புள்ள கார்களில் ஒன்றாக அதை மதிப்பிடுகிறார்கள். அதன் எஞ்சின் 1907இல் எத்தனையாவது மைலில் நின்றது என்பதை எந்தக் கார்ப் பிரியரும் சொல்வார். ஒரு திருகு ஒரு நிமிடம் மூடிக்கொண்டது நூறாண்டுக்கு மேலாக நினைவில் நிற்கிறது. காரணம், பக்கத்தில் ஒருவர் குறிப்பேட்டோடு இருந்தார், அவர் எழுதியதை அழிக்க யாரும் துணியவில்லை.

அந்த ஓட்டத்தில் எம்மைக் கவர்வது இந்த ஒன்றுதான். குறை எழுதுபவரைத் தன் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போகும் துணிவு. எமது சமூகத்தில் அப்படி ஓர் ஆசனம் நெடுங்காலமாகக் காலியாகவே விடப்பட்டது. அதில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். மேடையில் எங்களிடம் பழுதில்லை என்று சொன்ன எல்லா வாகனங்களும் ஏதோவொரு கற்ஸ்பேர்க்கில் நின்றன. இறங்கி நடந்தவர்கள் சனங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோதும், பின்னர் வீடுகள் குண்டுபட்டு இடிந்தபோதும், எத்தனையோ பெட்டகங்களில் இருந்த மலாயாக் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் அழிந்துபோயின. ஆனாலும் சில வந்து சேர்ந்திருக்கின்றன. பரிசிலும் பேர்ணிலும் ரொறன்ரோவிலும் உள்ள வீடுகளில், பாட்டனாரின் பென்சன் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு செக்றோல் பிரதி, ஒரு தோட்டத்துக் கடிதம், ஒரு புகைப்படம் இருக்கலாம். புகைப்படத்தில் நடுவில் கோட்டுப் போட்டு இருப்பவரின் பெயர் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்களை இன்னும் யாராவது மூத்தவர்கள் சொல்லக்கூடும். கேட்டு எழுதி வைப்போம்.